இடிக்கு வழி யோசிச்ச டாக்டர்

போன வருஷம் அக்டோபர் மாசம், ஒரு வியாழக்கிழமை ராத்திரி. மதுக்கரையில இருக்கிறவங்களுக்கு அந்த மாசத்து மழையைப் பத்தி நான் சொல்லத் தேவையில்லை. மத்தியானம் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மேல தர்மலிங்கேஸ்வரர் மலைக்குப் பின்னாடி கறுத்துக்கிட்டு வரும். ஏழு மணிக்கு மின்னல் வெட்ட ஆரம்பிச்சா ஹாஸ்டல் ஜன்னலெல்லாம் அதிரும்.

அன்னிக்கு மெஸ்ஸுக்குப் பின்னாடி நின்ன தென்னை மரத்துல இடி விழுந்துச்சு. எங்க ஹாஸ்டல் கட்டடத்துல விழவே இல்லை. ஆனா எங்க ஃப்ளோர்ல இருந்த சுவிட்ச் செத்துப் போச்சு. அதுல கேபிள் சொருகி வெச்சிருந்த மூணு லேப்டாப்பும் செத்துப் போச்சு. அதுல ஒண்ணு என் ரூம்மேட்டோடது. மறுநாள் காலையில பத்து மணிக்கு அவனுக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட்.

இப்ப நான் ஒரு உண்மையைச் சொல்லணும். மெஸ் பில்டிங்ல நெட் நல்லா வருதுன்னு, அங்கிருந்து எங்க ஃப்ளோருக்கு வேப்ப மரத்து மேல எழுபது மீட்டர் செம்புக் கேபிளை இழுத்துக் கட்டினது நான்தான். யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கல. ரெண்டு மாசம் எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க. அந்தக் கேபிள் வழியாத்தான் அன்னிக்கு இடி எங்க ரூமுக்குள்ள வந்துச்சு.

நெட்வொர்க் ரூம் அண்ணா மறுநாள் வந்து பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. கருகிப்போன போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு, ரெண்டு பில்டிங்கோட மண்ணை செம்பால கட்டிப் போட்டா இப்படித்தான் ஆகும் தம்பின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். நான் நாலு வருஷமா இன்ஜினியரிங் படிக்கறேன். அவர் சொன்னது எனக்கு அன்னிக்குப் புரியல.

புரிஞ்சுக்கலாம்னு தேடிப் படிக்கும்போதுதான் இந்த மனுஷனைக் கண்டுபிடிச்சேன். 170 வருஷத்துக்கு முன்னாடி, இடி அதிகம் விழற நம்ம நாட்டுல, ஊருக்கு ஊர் கம்பி இழுத்துக் கட்டடங்களை இணைக்கற வேலையை முதல்முதலா எடுத்துச் செஞ்சவர். அவர் படிச்சது இன்ஜினியரிங் இல்லை, மருத்துவம். அவர் கதையைக் கேளுங்க. கடைசியில நம்ம கேபிளுக்கு வர்றேன்.

22 வயசு, கையில டிகிரி, வேலை இல்லை

பேர் வில்லியம் புரூக் ஓஷானஸி. இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை முதல்ல பார்த்தப்ப நான் ஓஷாக்நெஸ்ஸின்னு படிச்சேன். அது தப்பு. நீங்க மெடிக்கல் காலேஜ்ல படிக்கற உங்க ஃப்ரெண்டு யாரையாவது கேட்டுப் பாருங்க, இந்தப் பேர் தெரிஞ்சிருக்க வாய்ப்பிருக்கு. நமக்குத்தான் தெரியாது.

1809ல் அயர்லாந்தின் லிமரிக் நகரத்தில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்து 1829ல் பட்டம் வாங்கினார். அப்புறம் லண்டனுக்கு வந்தார். அங்கே டாக்டராகத் தொழில் செய்ய அவருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கையில பட்டம் இருக்கு, கிளினிக் வைக்க முடியாது. நம்ம சீனியர்ல பாதிப் பேரோட நிலைமை மாதிரி இருக்கில்ல? அவருக்குக் கெமிஸ்ட்ரி நன்றாக வரும். அதனால் ரத்தம், விஷம் இதையெல்லாம் ஆராய்ந்து சொல்லும் வேலையில் இறங்கினார்.

1831ல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்துக்குக் காலரா வந்து சேர்ந்தது. மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் காலராவுக்குச் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? நோயாளியின் ரத்தத்தை வெட்டி வெளியேற்றுவது. ஏற்கெனவே வற்றிப்போன உடம்பை இன்னும் வற்ற வைப்பது.

22 வயசு ஓஷானஸி அங்கே போய், நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து அளந்து பார்த்தார். ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தது. அப்படியானால் குறைந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உப்புத் தண்ணீரை நரம்பு வழியாக ஏற்றலாம் என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அடுத்த வருஷமே, 1832ல், ஸ்காட்லாந்தின் லீத் நகரத்தில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர் அதைச் செய்து பார்த்தார். சாகக் கிடந்த சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்னிக்கு ஜுரம்னு போனாலே ஆஸ்பத்திரியில ஏத்தற டிரிப் இருக்கே, அதோட ஆரம்பம் இதுதான்.

இந்த இடத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன். எல்லாரும் செய்யறாங்கன்னு இவரும் ரத்தத்தை வெட்டல. எது எந்த வழியாப் போகுதுன்னு முதல்ல அளந்தார், அதுக்கப்புறம்தான் வைத்தியம் சொன்னார். தந்தி விஷயத்துலயும் இதையேதான் செய்யப் போறார்.

கல்கத்தாவில் ஒரு மூங்கில் நெட்வொர்க்

1833ல் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாகச் சேர்ந்து வங்காளம் வந்தார். 1835ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அங்கே கெமிஸ்ட்ரி பேராசிரியர் ஆனார். நம்ம ஊர் நாட்டு மருத்துவத்தில் இருந்த கஞ்சாவை முறையாகச் சோதித்துப் பார்த்து, 1839ல் அதைப் பற்றி எழுதி, மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தவரும் இவர்தான். மெடிக்கல்காரங்களுக்கு இவர் பேர் தெரியறதுக்கு அது இன்னொரு காரணம்.

அதே 1839ல் இவர் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு வேண்டியது. கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் மூங்கில்களை நட்டு, அதில் முன்னும் பின்னுமாகக் கம்பியை ஓட்டி, மொத்தம் 20 மைலுக்கு மேல் நீளமுள்ள ஒரு தந்தித் தடத்தை அமைத்தார். அமெரிக்காவில் மோர்ஸ் தன் புகழ்பெற்ற வாஷிங்டன்–பால்டிமோர் செய்தியை அனுப்பியது 1844ல்தான் என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க.

செய்தி வந்து சேர்ந்ததை எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு கேட்டா நீங்க சிரிப்பீங்க. கம்பியின் முனையை ஆள் கையில் பிடித்துக்கொள்வார். ஷாக் அடித்தால் சிக்னல். எந்த நேரத்தில் எத்தனை ஷாக் என்பதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்ம லேப்ல இப்படி ஒரு எக்ஸ்பெரிமென்ட் வெச்சா ஒருத்தனும் வரமாட்டான்.

அந்தச் சோதனையில் இன்னொன்றையும் செய்து பார்த்தார். மின்சாரம் போய்த் திரும்பி வர ரெண்டு கம்பி வேண்டும், இல்லையா? ஒரு கம்பிக்குப் பதிலாக ஹூக்ளி ஆற்றையே அவர் பயன்படுத்தினார். ஆற்றுத் தண்ணீர் கம்பி மாதிரி வேலை செய்தது. தண்ணீரும் மண்ணும் சர்க்யூட்டின் ஒரு பகுதியாக இருக்க முடியும் என்று அவருக்குக் கையில் பட்டுத் தெரிந்தது. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க. என் கேபிளைக் கொளுத்தினதும் இதே மண்தான்.

அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை. சோதனை அதோடு நின்றது. இவர் இங்கிலாந்து போனார், 1843ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், திரும்பி வந்து கல்கத்தா நாணயச் சாலையில் உலோகங்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல தந்தி அவர் மனசுக்குள்ளதான் இருந்துச்சு.

நாணயச் சாலையிலிருந்து ஆரம்பம்

டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு நிலைமை மாறியது. 1850ல் கல்கத்தாவிலிருந்து சுமார் 30 மைல் தெற்கே இருக்கும் டைமண்ட் ஹார்பர் வரை ஒரு சோதனைத் தடம் போட அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷம் அது வேலை செய்யத் தொடங்கியது.

பயிற்சி பெற்ற ஆட்கள் யாரும் கிடையாது. நாணயச் சாலையில் தன்னோடு வேலை பார்த்த சிவசந்திர நந்தி என்ற வங்காளி இளைஞரைக் கூட்டிக்கொண்டார். அவரோ இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவர் இல்லை. ஆனால் டைமண்ட் ஹார்பரிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் சிக்னலை அனுப்பியவர் அவர். பின்னாளில் ஓஷானஸி இல்லாமலே நூற்றுக்கணக்கான மைல் தடங்களைப் போட்டார். பத்மா ஆற்றைக் கடந்து கேபிள் போடப் பெரிய கப்பல் கிடைக்காதபோது, மீன்பிடிப் படகுகளை வைத்தே போட்டு முடித்தார். பாடப் புத்தகத்துல டல்ஹவுசி பேர் வருது. ஓஷானஸி பேரே அபூர்வம். நந்தி பேர் எங்கயும் வர்றதில்லை.

இப்ப முக்கியமான கேள்வி. இங்கிலாந்தில் தந்திக்கு மெல்லிய கம்பியும் நல்ல இன்சுலேட்டரும் போட்டிருந்தார்கள். அதை அப்படியே வாங்கி வங்காளத்தில் கட்டியிருக்கலாம், யாரும் இவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர் அந்த ஊரைப் பார்த்தார். கோடைக்காலத்துச் சூறாவளிக் காற்று, வாரக்கணக்கில் விடாத மழை, கம்பியில் கூட்டமாக வந்து உட்காரும் பருந்தும் காக்கையும், தொங்கி ஆடும் குரங்கு, கீழே விழுந்த கம்பியை மிதித்துப் போகும் மாட்டு வண்டியும் யானையும். எல்லாத்துக்கும் மேல, இடி.

அதனால் கம்பியையே விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குல விட்டமுள்ள இரும்புத் தடியைப் போட்டார். ஒரு மைலுக்கு ஒரு டன் எடை. இதை மரத்திலும் மூங்கிலிலும் மாட்டினார். தடத்தின் ஒரு பகுதியை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்கு அவர் செய்த கேபிள் இன்னும் அருமை: தாரில் ஊறிய மெட்ராஸ் துணியைத் தடியில் சுற்றி, வீட்டுக் கூரை ஓடுகளுக்குள் வரிசையாக வைத்து, உருக்கிய பிசினையும் மணலையும் அதன் மேல் ஊற்றினார். நம்ம ஊர் நெசவும் ஓடும் சேர்ந்ததுதான் இந்தியாவின் முதல் அண்டர்கிரவுண்ட் தந்தித் தடம்.

இந்தத் தடித் தடியால் இடி விஷயத்தில் என்ன லாபம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3/8 அங்குலம் என்றால் 9.5 மில்லிமீட்டர். குறுக்குப் பரப்பு சுமார் 71 சதுர மில்லிமீட்டர். இன்னிக்கு இடிதாங்கியிலிருந்து தரைக்கு இறங்கும் கம்பிக்கு உலகத் தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவு 50 சதுர மில்லிமீட்டர். அதாவது ஓஷானஸி போட்ட தந்திக் கம்பி, இன்றைய இடிதாங்கிக் கம்பியை விடத் தடிமன். நான் வேப்ப மரத்துல கட்டின கேபிளுக்குள்ள ஓடற ஒரு செம்பு இழையோட பரப்பு 0.26 சதுர மில்லிமீட்டர்தான். 270 மடங்கு வித்தியாசம். மெல்லிய கம்பியில் இடியின் மின்னோட்டம் பாய்ந்தால் அது உருகி ஆவியாகிவிடும். தடித் தடியில் ஓடி இறங்கிவிடும்.

தடி தப்பிக்கும், சரி. தடியின் முனையில் இருக்கும் கருவி? அதில் மெல்லிய கம்பிச் சுருளும் காந்த ஊசியும் இருந்தன. இடி வந்தால் சுருள் கருகும், ஊசியின் காந்தம் தலைகீழாக மாறும், உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் அடி விழும். ஏன் இடி கருவிக்குள்ளே வருகிறது? ஒவ்வொரு தந்தி நிலையத்திலும் கம்பியின் முனை, கருவி வழியாக மண்ணில் இறங்குகிறது. மண்தானே திரும்பும் கம்பி! வழியில் எங்கோ விழுந்த இடி, மண்ணைத் தேடிக்கொண்டு வருகிறது. மண்ணுக்குப் போகிற வழி அந்தக் கருவிதான்.

அந்தக் காலத்துத் தந்தி நிலையங்கள் இதற்குக் கண்டுபிடித்த பதில் எளிமையானது. கருவிக்கு முன்னாடியே ரெண்டு உலோகத் துண்டுகளைத் துளி இடைவெளி விட்டு வைப்பார்கள். ஒன்று கம்பியோடு, மற்றொன்று மண்ணோடு. சிக்னலின் சின்ன வோல்ட்டேஜ் அந்த இடைவெளியைத் தாண்டாது. இடியின் பெரிய வோல்ட்டேஜ் பொறியாகத் தாண்டி, கருவியைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும். இடியைத் தடுக்க முடியாது, அதற்குச் சுலபமான வேற வழியைக் காட்டு என்பதுதான் அந்த யோசனை. இன்னிக்கு ஈபி போர்டுல போடற சர்ஜ் ப்ரொடெக்டர் வரைக்கும் இதே தத்துவம்தான்.

நீலகிரி வரை வந்த கம்பி

சோதனைத் தடம் தன் மதிப்பை 1852ல் காட்டியது. பர்மா போரின் செய்தி, கப்பல் கல்கத்தா வந்து சேரும் முன்பே கம்பி வழியாக டல்ஹவுசியை எட்டியது. அவர் ஓஷானஸியை லண்டனுக்கு அனுப்பினார், அனுமதியும் பணமும் வந்தது. 1853 கடைசியில் வேலை தொடங்கியது. 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு, சுமார் 800 மைல் தாண்டி, முதல் செய்தி போனது. 1855ல் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பம்பாய், மெட்ராஸ், பெஷாவர் எல்லாம் ஒரே வலையில் வந்தன. சில வருஷங்களில் சுமார் 4000 மைல்.

தெற்கே வந்தபோது மறுபடியும் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். மரக்கம்பத்தைக் கரையான் அரிக்கும் இடங்களில் கருங்கல் தூண்களை நட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒரு கிளை ஊட்டிக்கும் ஏறியது. 1855ல் டல்ஹவுசி உடம்பு சரியில்லாமல் நீலகிரியில்தான் தங்கியிருந்தார். நம்ம மதுக்கரையில வானம் தெளிவா இருக்கற காலையில வடக்கே நீலமா ஒரு மலை தெரியுமே, அந்த மலைக்கு 170 வருஷத்துக்கு முன்னாடியே நெட்வொர்க் வந்துடுச்சு.

1856ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. இந்தக் கம்பிகள் நமக்காகப் போடப்பட்டவை இல்லை. 1857ல் சிப்பாய்கள் எழுந்தபோது, டெல்லியிலிருந்து போன தந்தி பஞ்சாபில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளை முன்கூட்டியே எச்சரித்தது. கிளர்ச்சிக்காரர்கள் போன இடமெல்லாம் தந்திக் கம்பியை அறுத்தார்கள். அது யாருடைய ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இடிக்கும் குரங்குக்கும் யானைக்கும் வழி யோசித்த ஓஷானஸி, அந்தக் கம்பி வழியாக யாருடைய உத்தரவு போகும் என்று எவ்வளவு யோசித்தார் என எனக்குத் தெரியாது. நாம கட்டற நெட்வொர்க்குக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

அந்த வருஷங்களிலேயே அவருடைய ஊசிக் கருவி போய், மோர்ஸ் கருவி வந்தது. தான் செய்த கருவிதான் இருக்க வேண்டும் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. 1860ஐ ஒட்டி இந்தியாவை விட்டுப் போனார். பெயரை வில்லியம் ஓஷானஸி புரூக் என்று மாற்றிக்கொண்டார். அதன் பிறகு பொதுவெளியில் அவர் அதிகம் தென்படவில்லை. 1889 ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்சீ நகரத்தில் இறந்தார். அவர் ஆரம்பித்து வைத்த இந்தியத் தந்தி, 2013 ஜூலையில் கடைசியாக நின்றது. அப்ப நாம ஸ்கூல் போயிட்டு இருந்தோம்.

இப்ப என் கேபிளுக்கு வருவோம்

நெட்வொர்க் ரூம் அண்ணா சொன்னது, ஓஷானஸியைப் படிச்ச பிறகு எனக்குப் புரிஞ்சுது.

ஒரு சாதாரண இடியில் 30,000 ஆம்பியர் வரும்னு வெச்சுக்கலாம். அது இறங்கற இடத்துல மண்ணோட ரெசிஸ்டன்ஸ் 5 ஓம்தான்னு வெச்சாலும், ஓம் விதிப்படி அந்த இடம் ஒரு கணத்துக்கு 1,50,000 வோல்ட் உயரும். மெஸ்ஸுக்குப் பின்னாடி தென்னை மரத்துல இடி விழுந்தப்ப, மெஸ் பில்டிங்கோட எர்த்து அப்படித்தான் எகிறியிருக்கும். எழுபது மீட்டர் தள்ளி இருக்கற ஹாஸ்டலோட எர்த்து அவ்வளவு உயரல. ரெண்டு மண்ணுக்கும் நடுவுல என் செம்புக் கேபிள். நெட்வொர்க் போர்ட்டுக்குள்ள இருக்கற குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு சோதிச்சு அனுப்பியிருப்பாங்க. எப்படித் தாங்கும்? ஓஷானஸிக்கு உதவி பண்ணின அதே மண், என் சுவிட்ச்சைக் கொளுத்திடுச்சு.

கேபிள்ல நேரா எதுவும் படலைன்னாலும் தப்பிக்க முடியாது. பக்கத்துல பாயற மின்னோட்டத்தோட காந்தப்புலம் மாறும்போது, நீளமான செம்புல தானாவே வோல்ட்டேஜ் தூண்டப்படும். முதல் வருஷம் படிச்ச ஃபாரடே விதிதான். பரீட்சைக்கு எழுதினோம், வேப்ப மரத்துல மறந்துட்டோம்.

ஓஷானஸி காலத்துல சிக்னல் போக உலோகம் ஒண்ணுதான் வழி. அதனால இடிக்கும் சிக்னலுக்கும் ஒரே பாதை, இடிக்குத் தனியா ஒரு கிளை வெட்டி விடணும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, 1954ல் கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தை அனுப்பிக் காட்டினார். 1966ல் சார்லஸ் காவோ, கண்ணாடியைச் சுத்தமாக்கினால் வெகு தூரம் செய்தி அனுப்பலாம் என்று கணக்கிட்டுச் சொன்னார். 2009ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆப்டிகல் ஃபைபரில் ஓடுவது வெளிச்சம். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மெஸ் மண் லட்சம் வோல்ட் உயரட்டும், ஹாஸ்டல் மண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சிக்னலுக்கு வழி உண்டு, இடிக்கு வழியே கிடையாது.

ஆனா ஃபைபர் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நான் அப்படி நினைச்சு அண்ணாகிட்ட பேசப் போய், மறுபடியும் பாடம் படிச்சேன்.

எலி கடிக்காம இருக்க, சில ஃபைபர் கேபிள்ல இழைக்கு மேல இரும்புத் தகடு சுத்தியிருக்கும். அந்த இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். அப்படிப்பட்ட கேபிளை நேரா ரேக் வரைக்கும் கொண்டுபோனா, செம்பு இழுத்த மாதிரிதான். கட்டடத்துக்குள்ள நுழையற இடத்துலயே அந்தத் தகட்டை முறையா எர்த் பண்ணணும். இல்லைன்னா உலோகமே இல்லாத கேபிளை வாங்கி, குழாய்க்குள்ள போடணும். அடுத்தது கரண்ட் லைன். ஃபைபர் வழியா வராத இடி, ஈபி வயர் வழியா சுவிட்ச்சுக்கு வரலாம். அதனால மெயின் போர்டுல சர்ஜ் ப்ரொடெக்டர் வேணும், கட்டடத்துக்குள்ள எல்லா எர்த்தும் ஒண்ணாக் கட்டியிருக்கணும். மூணாவது, கேட் கம்பத்துல இருக்கற கேமரா. கேபிள் வழியாவே கரண்ட் எடுக்கற அந்தக் கேமராவும் வெளியில நீட்டிக்கிட்டு இருக்கற செம்புதான்.

ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளயும் செம்பு இருக்கலாம். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல மட்டும் கண்ணாடி. இதுதான் மொத்த விஷயமும்.

ரூம்மேட்டுக்கு என்ன ஆச்சு?

அன்னிக்குக் காலையில அவன் என்னோட லேப்டாப்ல உட்கார்ந்தான். டெஸ்ட் சாஃப்ட்வேர் அவனோட பழைய மெஷின்ல பதிவு பண்ணியிருந்ததால உள்ள விடல. கம்பெனிக்கு மெயில் போட்டான், பதில் வரல. அவன் அப்பா பொள்ளாச்சி ரோட்டுல டெம்போ ஓட்டறவர். லேப்டாப் லோன்ல வாங்கினது. மதர்போர்டு மாத்த ரூ.16,000 ஆச்சு. ஃப்ளோர்ல எல்லாரும் பங்கு போட்டோம், பெரிய பங்கு நான் கொடுத்தேன். அவன் ஒரு வார்த்தை என்னைத் திட்டல. ஜனவரியில வேற ஒரு கம்பெனியில சேர்ந்துட்டான், முதல் கம்பெனியை விடச் சம்பளம் கம்மி. அந்த வித்தியாசத்தை நான் எப்பவும் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன்.

டிசம்பர் லீவுல மெஸ்ஸுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவுல குழி தோண்டினாங்க. அண்ணா கூட நானும் நின்னேன். ஃபைபரை ஒட்டவைக்கற மெஷின்ல ரெண்டு இழையும் நேருக்கு நேர் வந்து, ஒரு சின்னப் பொறியில உருகி ஒண்ணாச் சேர்றதைப் பார்த்தேன். தலைமுடி கனம்தான் இருந்துச்சு. ஓஷானஸியோட ஒரு மைலுக்கு ஒரு டன் தடி ஞாபகம் வந்துச்சு.

ஏப்ரல் மாசக் கோடை மழையில மறுபடியும் பக்கத்துல எங்கயோ இடி விழுந்துச்சு. லைட் ஒரு தடவை மின்னி வந்துச்சு. நான் ஓடிப் போய் சுவிட்ச்சைப் பார்த்தேன். பச்சை லைட்டெல்லாம் வழக்கம்போல மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. ஃப்ளோர்ல வேற யாரும் எழுந்திருக்கவே இல்லை.

ஜூனியர்ஸ், ஒரே ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல்ல எங்கயாவது மரத்து மேல, மொட்டை மாடி வழியா, ஒரு பில்டிங்ல இருந்து இன்னொரு பில்டிங்குக்குக் கேபிள் போறதைப் பார்த்தா, யார் இழுத்ததுன்னு தேடாதீங்க. மழை இல்லாத நேரமாப் பார்த்து, நெட்வொர்க் ரூம்ல போய்ச் சொல்லிடுங்க. அண்ணா திட்ட மாட்டார்.